ஓய்வுநிலை

உலோகம் எதுவும் உள்ளே வரக் கூடாது.
பெல்ட், சாவி, கழுத்துச் சங்கிலி எல்லாம் வந்தபின்
கடைசியாக ஒரு ஜாடி மூடி.
வெள்ளரி ஊறப்போட்ட ஜாடியுடையது;
விளிம்பில் மஞ்சள் தேய்ந்து தகரம் தெரிந்தது.
அதை மட்டும் என் கையில் தரவில்லை.
மேசைமேல் வைத்தான்,
மேசை தனக்குத் தெரிந்தவர் போல.

யோசெப், ஏழு வயது.
மூடியை விளிம்பில் நிறுத்திச் சுண்டுவான்.
அது சுழன்று, தள்ளாடி, தாழ்ந்து
ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே இடம் குறுகிக் குறுகி
ஒரே கோடாகி
நிற்கிற அந்த நொடியில்
இரண்டு கைகளையும் உதறுவான்.
பிறகு மறுபடி.
பரிந்துரைக் கடிதத்தில் இதன் பெயர்
நோக்கமற்ற மறுசெய்கை.
எழுதியவர் கடைசி வரை கேட்டிருக்க மாட்டார்.

தார்த்துவில் அன்று மைனஸ் பத்தொன்பது.
அப்பா ராய்வோ நகரப் பேருந்து ஓட்டுகிறார்:
ஒரே தடம், நாளைக்குப் பதினொரு நடை.
"என் மண்டையை யாரும் படம் பிடிக்கவில்லை" என்றார்.
சிரித்தாரா என்று பார்த்தேன். இல்லை.

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது,
அட்டைக் குழாயில், பொய் இரைச்சலோடு.
நன்றாகத்தான் கிடந்தான்.
நிஜத்தில், நாற்பதாவது நொடியில் தலையைத் திருப்பினான்.
படத்தில் மூன்று மூக்கு,
நெற்றிக்கு மேல் இன்னொரு நெற்றி.
அசைந்தவனைக் காந்தம் ஆவியாக வரைகிறது.
அழித்தேன்.

அடுத்தது ஏழு நிமிடம்.
ஆய்வுத் தாளில் அதற்கு ஓய்வுநிலை என்று தலைப்பு.
குழந்தை விழித்திருக்க வேண்டும்,
திரையில் உள்ள கூட்டல் குறியைப் பார்க்க வேண்டும்,
எதையும் நினைக்கக் கூடாது.
நானே ஒரு நாளும் செய்யாததை
மைக்கில் அவனிடம் சொன்னேன்.
பதிலுக்கு மூச்சு வந்தது, ஓடி வந்தவனுடையது போல.

ராய்வோ என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
மூடியை எடுத்தார்,
மைக்குக்குப் பக்கத்தில் சுண்டினார்.
சுழன்று, தள்ளாடி, தாழ்ந்து...
கண்ணாடிக்கு அப்பால், போர்வைக்கு வெளியே
பத்து விரலும் விரிந்தன, ஒரே ஒரு தடவை.
அடங்கின.
பொத்தானை அழுத்தினேன்.

இரண்டு நொடிக்கொரு முறை முழு மூளையும் ஒரு படம்.
இருநூற்றுப் பத்துத் தடவை
அதே தட்டு, அதே தட்டு, அதே தட்டு.
இதை நாங்கள் கோடிகள் கொடுத்து வாங்கியிருக்கிறோம்.
நான்காம் நிமிடம் ஒரு விரல் நெளிந்தது;
மூடி மறுபடி சுழன்றது.
அந்த இரைச்சலில் கேட்டிருக்குமா, தெரியாது.
தலை ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
மூடி சுழற்றப்பட்டது, இரு முறை.
கெர்ஸ்டி இந்தப் பதிவை ஒதுக்கிவிடுவாள்.
ஓய்வென்றால் அவளுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது.
அவள் தேடுவது மூளை நடுவில்
வாலோடு வளைந்த ஒரு சாம்பல் மேடு,
இவர்களுக்கு அது சற்றுப் பெரிதோ என்று.
எனக்கு அதெல்லாம் படிக்கத் தெரியாது.
எடுப்பதோடு சரி.

கிளம்பும்போது திரையைக் காட்டினேன்: "இது நீ."
அவன் பார்க்கவில்லை.
திறந்த கதவுக்கு நேரே நின்று
ச்சிக், என்றான்.
ச்சிக்.
இடைவெளி பிசகாமல், உள்ளிருந்து வருவதற்கு மேலேயே
தன்னுடையதை வைத்து.

காந்தத்தைக் குளிரவைக்கும் பம்ப்.
உள்ளே ஆள் இல்லாதபோதும் ஓடும்,
ஞாயிறும் ஓடும், ராத்திரியும்.
ஒன்பது வருஷமாக அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்;
எப்போது கேட்பதை விட்டேன்?

அவர் அவனுக்குக் கையுறை மாட்டினார்.
மூடி சட்டைப் பைக்குள் போனது.
இப்போது எனக்கு அது மட்டும்தான் கேட்கிறது,
சாப்பிடும்போதும், கை கழுவும்போதும்.
ச்சிக்.
அடுத்த குழந்தை வந்துவிட்டது.
வெளியே யாரோ பெல்ட்டைக் கழற்றுகிறார்கள்.