பதனிடாத தோல்

வேலூரில் மழை விட்டு மூன்று நாள்.
கோட்டை அகழி பச்சையாக நிற்கிறது.
என் மேசையில் நாற்பத்தியொன்றாம் கண்ணாடித் துண்டு:
கஜபதி, பேரணாம்பட்டு, வயது முப்பத்தியெட்டு.
வேலை: டேனரி, ஈர வேலை.

மழுங்கின கத்தியால்
அவர் இடுப்பு மடிப்பைச் சுரண்டினேன்.
செதில் உதிர்ந்தது.
ஒரு சொட்டுக் காரம் விட்டு மூடிக் காத்திருந்தேன்.
காரத்தில் மனிதன் கரைந்துபோவான்,
அது கரையாது.

லென்ஸில் வந்துவிட்டது
கணுக்கணுவாய், கிளை பிரிந்து.
செடி இல்லை. புழுவும் இல்லை.
வெயில் வேண்டாம் அதற்கு.
நகம், முடி, மேல்தோல் என்று
நம்மில் ஏற்கெனவே செத்துப்போனதைத்தான் தின்னும்.
ஒரு விதத்தில் நாகரிகமானது.
அரிப்பு மட்டும் நம்முடையது.

படர்தாமரை. யார் வைத்த பேரோ.
தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது,
இதற்கோ ஈரம்தான் வீடு.

"எத்தனை நாளா?"
"ரெண்டு ஆடி போச்சு மேடம்."
பிதுக்கித் தீர்த்த டியூப்கள் ஐந்தைப்
பையிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தார்.
"மெடிக்கல்ல குடுத்தது.
போட்டா ரெண்டு நாளு அடங்கும்,
அப்புறம் முன்னவிட ஜாஸ்தியாவுது."
ஆகும். உள்ளே ஸ்டீராய்டு.
காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டுத்
திருடனுக்கு இலை போட்ட மாதிரி.

அவராகவே பேசினார்:
"எங்க கம்பெனில தோலுக்கு மருந்து உண்டு மேடம்.
அடுக்குறதுக்கு முன்ன ஊத்திடுவோம்.
மாசக்கணக்கா கெடந்தாலும் பூசணம் புடிக்காது.
கப்பல்ல போறது இல்லியா."
சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.
நான் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தேன்,
திருக ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும்.

"வீட்ல வேற யாருக்காவது?"
"இல்ல."
கேள்வி முடியும் முன்பே வந்த பதில்.
ஒரே துண்டா, ஒரே பாயா,
துணி வெயிலில் காய்கிறதா,
எதற்கும் வாய் திறக்கவில்லை.

வெளியே வங்காளிக் குடும்பங்களின் பைகளுக்கு நடுவே
அவர் மனைவி,
கழுத்தில் ஷூ கம்பெனி அட்டையோடு.
ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கவில்லை.
அவர் தண்ணீர் பிடிக்கப் போகும்வரை பார்த்திருந்து
கிட்டே வந்தாள்.
"எனக்கும் கீது.
சொல்லிடாதீங்க.
தன்னாலதான்னு நெனச்சுக்குவாரு."

நாற்பத்திரண்டு என்று எழுதினேன்.
அம்சவேணி, முப்பத்திநாலு.
வேலை?
"அந்தத் தோலத்தான் தைக்கிறேன்.
காஞ்ச வேலைன்னு எழுதிக்குங்க."
சிரித்தாள்.
அவ்வளவு நேரமும்
ஒரு முறைகூடச் சொறியவில்லை.
பழகியிருந்தாள்.