இரவுக் கிராணியின் சுட்டி

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக்கு ஒரே கணினி.
பகலில் நான்,
இரவில் புவனேந்திரன்.
ஆறு மாதம் ஆகிறது, முகம் பார்த்ததில்லை.
ஆறரைக்கு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன்,
ஏழுக்குத்தான் அவன் மோட்டார் வரும்.
எனக்குத் தெரிந்த புவனேந்திரன்:
விசைப்பலகை இடுக்கில் கச்சான் தோல்,
இரண்டு அங்குலம் ஏறியிருக்கும் நாற்காலி,
என் தைலப் புட்டியை
திறக்கவே முடியாமல் மூடிவைக்கிற கை.
பிறகு, சுட்டி.

நான் பீச்சாங்கைக்காரி.
தோட்டத்துப் பள்ளியில் அதற்காக
ரோத்தான் வாங்கியிருக்கிறேன்.
எழுத்து மட்டும் பயந்து வலப்பக்கம் போயிற்று,
மற்றதெல்லாம் இன்னும் இடது.
எடைச்சீட்டை அந்தக் கையால் நீட்டினால்
சில டிரைவர்கள்
ஒரு நொடி தாமதித்துத்தான் வாங்குவார்கள்.

காலையில் முதல் வேலை, அமைப்புகளைத் திறப்பது.
இந்தக் கணினி மலாய்தான் பேசும்:
தெத்திக்குஸ்.
சொல்லுக்குள்ளேயே ஓர் எலி.
தோட்டத்து எலிகளுக்கு
கம்பத்தின்மேல் ஆந்தைப்பெட்டி வைத்திருக்கிறார்கள்.
இந்த எலிக்கு இரண்டு கிராணிகள்.
முதன்மைப் பொத்தான்: வலது.
அம்பின் வேகம்: ஏழு.
வயரை மானிட்டருக்குப் பின்னால் சுற்றி
இந்தப் பக்கம் இழுப்பதற்குள்
வெளியே ஹார்ன்.

மறுநாள் எல்லாம் பழையபடி.
அவனுக்கு இடப்பொத்தான், வேகம் மூன்று.
மூன்று!
ஒரு சீட்டுக்கும் அடுத்த சீட்டுக்கும் நடுவில்
தூங்கி எழுவான் போல.
ஒரு சாயங்காலம் கோபத்தில்
வேகத்தைக் கடைசிவரை தள்ளிவிட்டுப் போனேன்.
காலையில் வந்து பார்த்தால்
அம்புக்கு முழ நீளத்தில் வால் முளைத்திருந்தது.
அன்றைக்கு நான் அதை வெட்டவில்லை.
நகர்த்தி நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன செவ்வாய்
உட்கார்ந்து, தொட்டேன்.
மாற்றுவதற்கு எதுவும் இல்லை.
பொத்தான் வலது, வேகம் ஏழு,
சுட்டி என் பக்கத்திலேயே.
அவன் வரவில்லையோ என்று பதிவைத் திறந்தால்
இரவில் முப்பத்தொரு லாரி.
ஐந்து சீட்டு ரத்து.
ஓர் இரவு முழுக்க
என் ஏற்பாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறான்,
ஐந்து முறை தடுக்கி விழுந்திருக்கிறான்.
ஏன் என்று மனம் கேட்குமா, கேட்காதா?
அணைந்திருந்த திரையின் கறுப்பில்
முடியைச் சரிசெய்துகொண்டேன்.

பத்து மணிக்கு அப்பளசாமி அண்ணன்
லாரியை மேடையேற்றிவிட்டு
சன்னலில் தலையை விட்டார்.
"சேதி தெரியுமா,
ராத்திரி கிராணிக்கு நேத்து சாயந்தரம்
வீட்டு கேட்டுல விரல் நசுங்கிடுச்சு.
சோத்தாங்கை. இத்தாப் பெரிய கட்டு.
லீவு போட்டா சம்பளம் போயிடும்னு
வந்து ஒக்காந்திருக்கான்."

ஓ.

காது சுட்டது. சிரிப்பும் வந்தது.
சீட்டை நீட்டினேன்,
அவர் தாமதிக்காமல் வாங்கினார்.

பிறகு அந்த ஐந்தையும் திரும்பப் பார்த்தேன்.
இரண்டு பதினாலு, இரண்டு பதினைந்து,
மறுபடி இரண்டு பதினைந்து. ஒரே லாரி.
வெளியே எஞ்சின் உறும
உள்ளே பழகாத ஒரு கை,
'சேமி' என்ற கட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போகிற அம்பு.
எனக்கும் ஒரு பென்சில் இப்படித்தான் போயிருக்கிறது,
நாலு கோடு நோட்டில், வலக்கையில்,
ஏழு வயதில்.

ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை.
பொத்தான் சரி, பக்கம் சரி.
வேகத்தை ஏன் அவன் குறைக்கவில்லை?
தினமும் குறைக்கிறவன்தானே.

ஆறு மணிக்கு அமைப்புகளைத் திறந்தேன்.
வேகம்: இரண்டு.
இரட்டைச் சொடுக்கு: இருப்பதிலேயே மெதுவானது.
தேடாமல் கண்ணில் படட்டும் என்று
வாலையும் போட்டேன், முழு நீளம்.

கிளம்பும் நேரத்தில்
இன்னொரு லாரி திரும்பி மேடை ஏறியது.
எல்லாவற்றையும் மறுபடி மாற்றவா?
அப்படியே அழுத்தினேன்.
அம்பு தன் வாலை இழுத்துக்கொண்டு
திரையைக் கடக்கத் தொடங்கியது.
டிரைவர் ஹார்ன் அடித்தான்.
பஸ்ஸும் போயிற்று.