ஒரு முழம் பூசாமல்

சனிக்கிழமை வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள்.
சனியில் எண்ணெய் முழுகிவிட்டு நானும் பிந்தித்தான் கடை திறப்பேன்,
பரவாயில்லை என்றேன்.
சிரித்தாள்.
கொங்கணக் கரையில் அவள் முன்னோர் செக்காட்டினார்களாம்,
சனியன்று மட்டும் மாட்டை அவிழ்த்துவிட்டு.
ஊரார் வைத்த பெயர்: சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.
சிப்போரா தல்கர் என்று பற்றுச்சீட்டில் எழுதினேன்.
எழுத்துப் பிழை இருக்கலாம்.

ஸ்டான்லி வீதியில் படத்துக்குச் சட்டம் போடுகிற கடை என்னுடையது.
பிள்ளையார், மடு மாதா, மக்காவின் கறுப்புச் சதுரம்,
முப்பத்தோராம் நாளுக்கு அவசரமாய்ப் பெருப்பித்த
கடவுச்சீட்டு முகங்கள்.
எல்லாருக்கும் ஒரே ஆணி, ஒரே கண்ணாடி.

சுருட்டி வந்த தாளை மேசையில் விரித்தாள்.
கரித்தூள். சாம்பல் நிறத்தில் சொரசொரப்பு.
இரண்டு கறுப்புக் குழி.
ஓரமெங்கும், வலமிருந்து இடமாக,
எறும்பு ஊர்வதுபோல் எழுத்து.
"இதில எது படம்?" என்று கேட்டேன்.

கடவுளுக்கு முகம் வரைவதில்லை என்றாள்.
எரிந்த கோயிலுக்கும் நான் கோபுரம் வரைவதில்லை.
புது வீடு கட்டினால் வாசலுக்கு எதிரே
இவ்வளவுக்கு இவ்வளவு
சாந்து பூசாமல் விடுவார்கள், எங்கள் ஆட்கள்,
அந்தக் கோயிலின் நினைவுக்கு.
அந்த வெறுமையைத்தான் தாளில் ஒற்றி எடுக்கிறேன்,
ஊர் ஊராய்.

முழம் என்ற சொல் அவளிடம் இல்லை.
முழங்கையை மேசையில் ஊன்றி
நடுவிரலை நீட்டிக் காட்டினாள்.
நல்லூர் வாசலில் பூக்காரி அளப்பது அப்படித்தான்.

பிறகுதான் அந்தக் குழிகளைப் பார்த்தேன்.
மேலே ஒன்று. அதற்குக் கீழே, சற்றே வலப்பக்கம், பெரியது.
"எங்கை எடுத்தனீங்கள்?"
ஒழுங்கைக்குள், ஒரு பின்மதில், பூசாதது,
கேட்க ஆள் இருக்கவில்லை, மன்னிக்கவும்.

என் மதில்.
தொண்ணூறாம் ஆண்டு ஆவணி.
குகநேசன் அந்த மதிலோடு குந்தியிருந்து
சைக்கிள் ரியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.
வாளித் தண்ணீரில் குமிழி வருகிறதா என்று
என்னைப் பார்க்கச் சொன்னான்.
நான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
குமிழியை.

மூன்று குழி அது. இரண்டல்ல.
மூன்றாவது இடப்பக்கம், தாழ,
குந்தியிருப்பவனின் நெஞ்சு உயரம்.
அவள் முழத்துக்குள் அது வரவில்லை.
சின்னக் கை.

நான் நினைவுக்கென்று பூசாமல் விட்டவனில்லை.
சீமெந்துக்கு வைத்த காசு கூரைக்குப் போனது,
பிறகு மகளின் கலியாணத்துக்கு.
அதற்குப் பிறகு ஒவ்வொரு தைக்கும் மனிசி கேட்பாள்.
ஒவ்வொரு தைக்கும் ஒரு மேசனை நான் குறை சொல்வேன்.

இதொன்றையும் அவளுக்குச் சொல்லவில்லை.
எந்தச் சுவரில மாட்டுவீங்கள், கொக்கி போட வேணும்,
அதுமட்டும் கேட்டேன்.
மேற்கில், என்றாள். எருசலேம் அந்தப் பக்கம்.
தாத்தா வீட்டில் 'கிழக்கு' என்று எழுதிய படமும்
மேற்குச் சுவரில்தான் தொங்கியதாம்.
மாற்றி எழுத ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு தேக்குச் சட்டத்தை என் கையால் அளந்தேன்.
முழங்கை, நடுவிரல்.
அவள் முழத்தைவிட நாலு விரற்கடை கூட.
தாளை மேலே, வலது மூலையோடு ஒட்டி வைத்தேன்.
இடப்பக்கமும் கீழேயும்
வெறும் வெள்ளை மட்டை.

ஞாயிறு வந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
நடுவில் இல்லையே என்றாள்.
இல்லை, என்றேன்.
வெள்ளைக்கு நேரே, கண்ணாடிமேல்,
தன் விரல்களை வைத்துப் பார்த்தாள்.
நாலு.
பிறகு என் கையைப் பார்த்தாள்.

பதிந்த ரேகையைத் துடைக்கத் துணி எடுத்தேன்.
துணியை மேசையிலேயே வைத்துவிட்டு
பற்றுச்சீட்டில் மரத்துக்கு மட்டும் காசு போட்டேன்.