இரண்டு கோடு

ஆனிக் காத்து பணகுடியில் இறங்கும் மாதம்.
எண்பது மீட்டர் காற்றாலைக் கோபுரம் ஏறுமுன்
ஒவ்வொருவனும் என்னிடம்
வெதுவெதுப்பாய் ஒரு கோப்பை தந்துவிட்டு நிற்க வேண்டும்.
ஐந்து நிமிடம்.
இரண்டு கோடு விழுந்தால் ஏறலாம்,
ஒன்று என்றால் வீட்டுக்கு.
"பிள்ளை உண்டாயிருக்கேனாக்கா?"
ரேமண்டுக்குத் தினமும் அதே கேலி.
சிரித்துக்கொண்டே டிக் அடிப்பேன்.

சனிக்கிழமை பெட்டியை எண்ணினேன்.
பதினொரு பட்டை குறைந்தது.

நயினார் கோபுரம் ஏறுகிறவன் இல்லை.
வள்ளியூரில் லாரிக்குப் பாடி கட்டுகிறான், என் தம்பி.
கண் ஏம்ல இப்படிச் சிவந்திருக்கு என்று ஒருநாள் கேட்டதற்கு
"வெல்டிங் சூடுக்கா" என்றான்.
நானும் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு சோப்பு டப்பா.
ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தான்.
ஒவ்வொன்றின் முதுகிலும் பேனாவில் தேதி.
ஒன்று.
ஒன்று.
நடுவில் ஒரு வாரம் தேதியே இல்லை.
பிறகும் ஒன்று.
நேற்றையதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன்:
மயிரிழையாய்,
இருக்கா இல்லையா என்று,
இன்னொன்று.

விதிப்புத்தகத்தில் மங்கலும் கோடுதான்.

திங்கள் காலை பதிவேட்டில் எழுதினேன்:
குறைவு பன்னிரண்டு.
என் சம்பளத்தில் பிடிக்கவும்.