முப்பத்தொன்பதாவது

மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு
மூன்று மீட்டர் அகலத்தில் வேண்டுமாம்.
ஐயுன் அனுப்பிய மூலக் கோப்பில்
குறுக்கே ஆறாயிரம் பிக்சல்தான்.
அங்குலத்துக்கு ஐம்பது.
"முந்நூறு இல்லாமல் அச்சடிக்காதே" என்கிறார்,
எங்கோ கேட்டதைப் பிடித்துக்கொண்டு.
யாரும் மூக்கை ஒட்டிவைத்து மலை பார்ப்பதில்லை,
சக்கர நாற்காலி போகும் தூரத்துக்கு
நூறு போதும் என்றேன்.
அந்த மீதிப் பாதியை இல்லாததிலிருந்து எடுக்க வேண்டும்.
இரண்டு புள்ளிக்கு நடுவே என்ன இருந்திருக்கும் என்று
கணினி ஊகிக்கும்.
நான் நம்பியதுபோல் இருந்துகொள்வேன்.

தோர்ஷவ்னில் நான்காம் நாளாக மழை.
சன்னலை மறைத்து, மானிட்டர் வெளிச்சத்தைக் குறைத்தேன்;
தாள், திரையைப்போல் தானாக எரியாது.
பாறையிடுக்கு நிழல்களைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன்,
இல்லையேல் மை விழுங்கிவிடும்.
கடலில் ஒரு பச்சை, எந்த மைக்கும் எட்டாதது.
விட்டுக்கொடுத்தேன்.
கூர்மை கடைசியில்தான். உப்பைப்போல.

பிறகு நூறு சதவீதத்தில், மூலை விடாமல்,
படத்துக்குப் பேன் பார்த்தேன்.
வானத்துத் தூசி சுலபம்: தொட்டால் போச்சு.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பதாவது பாறைமேல் இருந்தது.
தூரிகையை வைத்துவிட்டேன், அழுத்தவில்லை.
அதன் இடப்புறம்
அதைவிட மெலிதாக இன்னொன்று.
தூசிக்கு நிழல் விழாது.

நானூறில் அது வெறும் ஐந்து சதுரம்,
ஒன்றன்கீழ் ஒன்று.
மேலே ஒன்று தோல்நிறம், மற்றவை செம்பழுப்பு.
விலகி வந்தால் ஆள்.
முட்டை எடுக்க இறங்கியவன்.
கயிறு இருந்திருக்க வேண்டும்,
ஒரு பிக்சலுக்கும் மெல்லியதாக.
"ஆளா? அன்றைக்கு அங்கே யாருமில்லையே"
என்றார் ஐயுன், போனில்.

இதே படத்தை, இரண்டு வருஷம் முன்பு,
அரை மீட்டரில் வங்கிக்குப் போட்டுக்கொடுத்தது நான்தான்.
அப்போது அங்குலத்துக்கு முந்நூறு இருந்தது.
சாயங்காலம் போனேன்.
ரங்ஹில்ட் கதவைப் பூட்டப்போனவள்
ஐந்து நிமிஷம் கொடுத்தாள்.
கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தேன்.
பாறை சுத்தமாக இருந்தது. தழும்புகூட இல்லை.
நல்ல வேலை.
நிழலை மட்டும் விட்டிருந்தேன்.

இப்போது பெரிதாக்கும்போதெல்லாம்
கணினி அவனைப் பாறையாக்கப் பார்க்கிறது.
அந்த ஐந்து சதுரத்தைச் சுற்றி வேலி வரைந்து
ஊகமும் வேண்டாம், கூர்மையும் வேண்டாம் என்று
விட்டிருக்கிறேன்.
சோதனைத் துண்டு காய்கிறது.
மூன்று மீட்டர் மலையில்
இரண்டரை மில்லிமீட்டர்.
தாழ்வாரத்தில் காத்திருக்கும் யாராவது
நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள்.