ஊசிக்காதளவு வெளிச்சம்

கொக்குவிலில் அந்த வருசம்
சுவரிலிருந்த சுவிச்சுகள் எல்லாம்
பழக்கத்தில் தட்டிப் பார்க்கிற பொத்தான்கள்.
பற்றரி வராது.
மண்ணெண்ணெய் ஒரு போத்தல்
எனக்கு மூன்று சட்டைத் தையற்கூலி.

நிர்மலி ஊர்காவற்றுறையிலிருந்து வந்து
எங்கள் முன்னறையில் பாய் விரித்தவள்.
கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ்,
கடதாசி கிழிந்த ஒரு ஒலிபெருக்கி.
தகப்பன் சவுண்ட் சேர்விஸ் வைத்திருந்தாராம்.
பெருநாளுக்கும் செத்தவீட்டுக்கும்
ஒரே பெட்டிதானாம்.
"உதை ஏன் சுமந்தனீ?"
"கையில அதுதான் அம்பிட்டது."

அதைத்தான் ஒரு ஞாயிறு மத்தியானம்
அம்மிக்குழவியால் உடைத்தாள்.
காந்தம் நாலாய்ப் பிளந்தது.
பக்கத்துப் பக்கத்தில் இருந்த துண்டுகள்
இனிமேல் சேரமாட்டோம் என்று விலகின,
சீதனத்தில் முறிந்த சம்மந்திகள்போல.
புரட்டி வைத்தால்
ஓடிவந்து ஒட்டி விரலை நசித்தன.

கம்பிக்கு, ரியூப் லைற்றின் சோக்கைக் கழற்றினோம்.
இரண்டு வருசமாய்ப் பல்லி மட்டும் குடியிருந்த லைற்.
தாருக்குள்ளிருந்து செம்பு
மயிர் மயிராய் வந்தது.
சவர்க்காரப் பெட்டியில் அவள் சுற்ற நான் எண்ணினேன்.
அறுநூற்று நாற்பதில் ஹெலி வந்தது.
பங்கருக்குள்ளும் மடியில் வைத்துச் சுற்றினாள்.
எண்ணிக்கை போய்விட்டது.
அங்கே நான் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்கு நடுவே நாலங்குல ஆணி.
ஆணியில் காந்தங்கள்.
வெளியே நீட்டிய நுனியில் ஒரு பொபின்.
பொபினிலிருந்து என் கைமெசினின் சில்லுக்கு
சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வார்.
கம்பியின் இரண்டு நுனியிலும்
ஒரு பேனா ரோச் பல்ப்.

சுற்றினேன். பத்தவில்லை.
இன்னும் உரக்கச் சுற்றினேன்.
வார் கழன்று முகத்தில் அடித்தது. பத்தவில்லை.
தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பிவந்து
கம்பி நுனியைக் கண்ணருகே பிடித்தாள்.
"சீ, வார்னிஷ்!"
ஒரு சுற்று மற்றச் சுற்றைத் தொடாமல்
உடம்பெல்லாம் மூடிய கம்பி
நுனியிலும் மூடிக்கொண்டிருந்தது.
பிளேட்டால் சுரண்டினாள்.
மீன் செதில் எடுத்துப் பழகிய கை,
நாலே இழுவையில் செம்பு பளிச்சென்றது.

பிறகு பத்தியது.
பத்தியது என்றால் ஊர் சிரிக்கும்;
ஊதுபத்தி நுனியைவிடக் கொஞ்சம் மேல்.
நாங்கள் இரண்டு பேரும்
வாயைப் பொத்திக்கொண்டு கத்தினோம்.

ஒன்று கவனித்தேன்.
பல்பைக் கழற்றினால் கைபிடி இலேசு.
பூட்டினால் ஒரு நூலளவு பாரம்.
ஐந்தாறு தரம் பூட்டிக் கழற்றினேன்.
"வெளிச்சத்துக்கு நிறை இருக்கடி."
"பத்தாம் வகுப்பிலயே படிச்சதுதானே" என்றாள்.
படித்ததுதான்.
என் தோள்மூட்டு படிக்கவில்லை.

மெசினைச் சுற்றி வெளிச்சம் எடுத்தால்
மெசினில் தைக்க ஏலாது.
அதனால் இரவுக்குக் கைவேலை:
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைகளுக்கு
வெள்ளைப் பொத்தான், வெள்ளை நூல்.
தனியாய் இருக்கிறவளுக்கு இது உதவாது.
சுற்றுகிறவள் தைக்க மாட்டாள்,
தைக்கிறவளுக்குச் சுற்றக் கையில்லை.
ஊசிக்காதில் நூலை விட
முப்பது சுற்றுப் போதும்.
மிச்சத்தை விரல் அறியும், இருட்டிலேயே தைத்துவிடும்.

கார்த்திகையில் ஒரு இரவு.
நூல் கோர்த்தாயிற்று, நுனியைக் கடித்து முடிச்சும் போட்டாயிற்று.
அவள் நிறுத்தவில்லை.
பல்பைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.
தலையைச் சரித்து
காதைச் சவர்க்காரப் பெட்டியில் வைத்திருந்தாள்.
உள்ளே காந்தங்கள் ஆணியில்
உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தன.

நான் போதும் என்று சொல்லவில்லை.
முடிச்சை அவிழ்த்து
கோர்த்த நூலை உருவினேன்.
மறுபடி கோர்க்கத் தொடங்கினேன்,
அவசரப்படாமல்.