நூற்றுக்கு இரண்டில் நிறுத்து

சாருஜா தூசிஸுக்குப் போய் ஒன்பது நாள்.
வேலைக்குத்தான் என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தோம்.
மலைகளுக்கு நடுவில் ஓர் அறை, கீழே சைக்கிள் திருத்துமிடம்,
இணையம் மட்டும் சொட்டுச் சொட்டாய்.
லொறி விளையாட்டை மடிக்கணினியில் இறக்கப் பார்த்தாளாம்.
நான்கு நாளும் ஆறு மணித்தியாலமும் என்றதாம் திரை.
"அங்க இருக்கிறதை அப்பிடியே தூக்கி அனுப்பேலாதா?"
ஒன்பது நாளில் அவள் என்னிடம் கேட்ட
முதல் கேள்வி.

ஏலும்.
ஆனால் கோப்புறையைத் தூக்கிப் போட்டால் மட்டும் போதாது.
தன் கையால் பதியாத ஒன்றை
எந்தக் கணினியும் தன்னது என்று ஒப்புக்கொள்ளாது.
அதற்கு ஒரு சின்னப் பொய் சொல்லவேண்டும்.

ஓல்ட்டன். சனிக்கிழமை.
சரக்கு ரயில் போகும்போதெல்லாம் எங்கள் மேசை அதிரும்;
வன்தட்டைத் துவாய் மடித்து அதன்மேல் வைத்தேன்.
எழுபத்தொரு கிகாபைட். பச்சைக் கோடு நகர்ந்தது,
நின்றது, யோசித்தது, நகர்ந்தது.

ஓட்டிய ஓட்டமெல்லாம் வேறு இடத்தில் இருக்கும்,
ஆவணங்களுக்குள், ஒன்றுக்குள் ஒன்றாய்.
தேடிப்போனால் அங்கே இரண்டு பெயர்.
என்னுடையது பதினொரு மணித்தியாலம்.
அவளுடையது இருநூற்றுப் பன்னிரண்டு.
கடைசியாய்ச் சேமித்தது விடியப்புறம் மூன்று நாற்பது.

மூன்று நாற்பதுக்கு நான் ஹெர்க்கிங்கனில்
பொதிகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன்.
அவள் நித்திரை என்றுதான் நினைத்திருந்தேன்.
ஐந்தரைக்குச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு
பூனைபோல வீட்டுக்குள் வருவேன்.

சாரதிப் பரீட்சையில் இரண்டுதரம் தவறியவள்.
இரண்டாந்தரம், சுற்றுவட்டத்தில்,
பிரேக்கை மிதித்தது பரீட்சகராம்.
வந்து லீக்ஸ் வெட்டினாள், மிகச் சன்னமாக.
நான் "பிறகு பாப்பம்" என்றேன்.

பழுதில்லையா என்று ஒருக்கால் திறந்து பார்க்கவேண்டும் அல்லவா,
திறந்தேன்.
லியோனுக்கு வெளியே ஒரு தரிப்பிடம். மழை.
நாற்பது தொன் லொறியை, இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே,
ஒரு சாண் பிசகாமல்
பின்னுக்கு எடுத்து நிறுத்தியிருந்தாள்.
ஏற்றியிருந்தது பூக்கள், மார்செய்வரைக்கும்.
வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது.
நான் ஒன்றையும் தொடவில்லை.
வலப்பக்கக் கண்ணாடி நிலத்தைப் பார்த்தபடி இருந்தது,
அதை மட்டும் கொஞ்சம் நிமிர்த்தினேன்,
எங்கள் காரில் செய்கிற மாதிரி, யோசிக்காமல்.
மூடும்போது அது தானாகச் சேமித்துக்கொண்டது.

என் பதினொரு மணித்தியாலத்தையும் அழிக்காமல் சேர்த்து வைத்தேன்.
ஒரு புகைப்படத்தின் பாரம்கூட இல்லை அதற்கு.

திங்கள் இரவு, பட்டியில், ஆயிரம் பொதிகளுக்கு நடுவே,
என் கையெழுத்து எனக்கு எதிரே வந்தது.
7430 தூசிஸ்.
முகவரி மேலே தெரியும்படி திருப்பிவிட்டேன்.
அவ்வளவுதான் என் வேலை.

புதன்கிழமை தொலைபேசியில்:
"இறக்கத் தொடங்கு. நூற்றுக்கு ரெண்டு வரட்டும். நிப்பாட்டு.
எல்லாத்தையும் மூடு.
இப்ப அது தனக்கெண்டு ஒரு வெறுங் கோப்புறை கட்டி வச்சிருக்கும்.
அதுக்குள்ள என்ரையைப் போடு. எங்கடையை.
திரும்பத் திறந்து, சரிபார் எண்டு சொல்லு.
மிச்சத் தொண்ணூற்றெட்டும்
தானே இறக்கினதெண்டு நினைக்கும்."
"பாவம்" என்றாள்.
எதை, யாரை என்று நான் கேட்கவில்லை.

மின்விசிறி இரைவது கேட்டது. சைக்கிள் மணி ஒன்று.
"ஓடுதா?"
"ஓடுது."

எஞ்சின் உறுமியது. மழை. இண்டிகேட்டர்
டிக், டிக், டிக் என்று எங்கள் இருவருக்கும் இடையில்.
லொறி கொஞ்ச தூரம் உருண்டிருக்கவேண்டும்,
பிறகு நின்றது.

"கண்ணாடியைத் திருப்பினது ஆர்?"